எந்தப் பொருள், எந்தத் தேதி? ஒரு ஹரிகேன் போர் விமான மாடல் செய்வது எப்படி

போன செமஸ்டர் லீவில் என் முதல் பிளாஸ்டிக் மாடலை முடித்தேன். 1:72 அளவில் ஒரு ஹாக்கர் ஹரிகேன். இரண்டாம் உலகப்போர் விமானம். யூடியூப் பார்த்து, உடம்பு முழுக்க அங்கங்கே பெயின்ட் உரிந்து வெள்ளியாய்த் தெரிகிற மாதிரி வேலை செய்திருந்தேன். பார்ப்பவர்கள் "செம ரியலிஸ்டிக்" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆம்பூரில் என் மாமா ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷனில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மாடலை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால் பக்கம் விரலை வைத்தார்.

"இங்க என்னடா மாப்ள, வெள்ளி வெள்ளியா இருக்கு?"

"பெயின்ட் உரிஞ்சு அலுமினியம் தெரியுது மாமா. போர்ல அடிபட்ட பிளேன்ல."

"இந்த இடம் அலுமினியமா?"

"பிளேன்னா அலுமினியம்தானே மாமா."

"வரிவரியா இருக்கே. தகடு இப்படி வராதே. உள்ள குச்சி வச்சு மேல எதையோ இழுத்துக் கட்டின மாதிரி இல்ல இருக்கு?"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மாமா சொன்னதுதான் சரி. ஹரிகேனின் பின்பாதி உடம்பு உலோகத் தகடே இல்லை. உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச்சட்டங்கள், அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. துணியில் பெயின்ட் உரிந்தால் அலுமினியம் எப்படித் தெரியும்? ஹரிகேனை வாழ்க்கையில் பார்த்திராத ஒருவர், மேற்பரப்பைத் தடவியே கண்டுபிடித்துவிட்டார். மூன்றரை வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறேன், மெட்டீரியல்ஸ் பேப்பரில் நல்ல மார்க். ஆனால் கையில் வைத்திருக்கும் பொருள் எதனால் ஆனது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அந்த வெட்கத்தில் எழுதுகிறேன் இந்தக் கட்டுரையை. நீங்க மாடல் செய்ய ஆரம்பித்தால், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்க. இது எந்தப் பொருள்? இது எந்தத் தேதி? மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

ஏன் ஹரிகேன்?

ஸ்பிட்ஃபயர்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் நம்ம பக்கத்துக்கு நெருக்கமானது ஹரிகேன். வடிவமைத்தவர் சிட்னி கேம். முதல் பறப்பு 1935 நவம்பர் 6. மொத்தம் 14,000-க்கும் மேல் தயாரானது.

1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின, ஏப்ரல் 9-ல் திருகோணமலையை. இரண்டு இடத்திலும் எதிர்த்து எழும்பியவற்றில் முக்கியமானவை ஹரிகேன்கள். அந்த மாதம்தான் சென்னையிலும் குண்டு விழும் என்ற பயத்தில் ஏராளமான பேர் நகரத்தைக் காலி செய்து உள்ளூர்களுக்குப் போனார்கள். உங்க வீட்டுத் தாத்தா பாட்டிக்கு அவங்க பெற்றோர் சொல்லியிருக்கலாம், கேட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயம் எனக்கே புதுசு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று சேர்ந்திருந்தது. இங்கே திரட்டிய போர் நிதிக்கான அடையாளம் அது. வேலூர், ஆம்பூர் எல்லாம் அப்போது அதே மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டம். நம்மைக் கேட்காமலேயே இந்தியாவைப் போரில் சேர்த்ததற்காக 1939-ல் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. அதே மாகாணத்தின் பெயரில் விமானங்களும் பறந்தன. இரண்டும் நம்ம வரலாறுதான். அந்த 79-வது ஸ்குவாட்ரன் 1942-ல் இந்தியாவுக்கு வந்து, பர்மா முனையில் ஹரிகேன் ஓட்டியது.

நம்ம இந்திய விமானப்படையும் ஹரிகேன் ஓட்டியது. 1944-ல் இம்பால் முற்றுகையின்போது முதலாம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். பின்னாளில் மார்ஷல் ஆஃப் தி ஏர்ஃபோர்ஸ் ஆனாரே, அவரேதான். நிஜ ஹரிகேன் ஒன்றைப் பார்க்கணும் என்றால் டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1:72 என்றால் என்ன?

ஆறடி மனிதன் 72 அங்குலம். அவன் இந்த அளவில் சரியாக ஒரு அங்குலம். ஹரிகேனின் இறக்கை விரிவு 40 அடி, அதாவது 12.19 மீட்டர். 72-ஆல் வகுத்தால் சுமார் 169 மி.மீ. நீளம் 9.83 மீட்டர், மாடலில் சுமார் 136 மி.மீ. ஹாஸ்டல் மேசையில் லேப்டாப் பக்கத்தில் அடங்கிவிடும்.

இந்த வகுத்தலை எப்போதும் மனசில் வையுங்க. மாமா எனக்கு விமானி சீட்டுக்கு வைக்கச் சொல்லி, மெல்லிசாகச் சீவிய தோல் துண்டு ஒன்று கொடுத்தார். 0.3 மி.மீ. தான் இருக்கும். ஆனால் 72-ஆல் பெருக்கினால் 21 மி.மீ. மேல். சீட்டில் மெத்தை போட்ட மாதிரி இருந்தது. தோலின் துளைகளும் அந்த அளவில் பள்ளம் பள்ளமாய்த் தெரிந்தன. கடைசியில் மாஸ்கிங் டேப்பில் பழுப்பு பெயின்ட் அடித்து ஒட்டியபோதுதான் தோல் மாதிரி தெரிந்தது. மாமாவுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். "நிஜத் தோல் ஏமாத்துது, டேப் ஜெயிக்குது" என்று சிரித்தார்.

என்னென்ன வேணும்?

கிட்டுக்கு ஏர்ஃபிக்ஸ், ரெவெல், போலந்தின் ஆர்மா ஹாபி ஆகிய கம்பெனிகள் 1:72 ஹரிகேன் போட்டிருக்கின்றன. பர்மா முனை விமானம் செய்யணும் என்றால் மார்க் 2 வாங்குங்க. மார்க் 2சி-யில் நாலு 20 மி.மீ. பீரங்கி இருக்கும். வெப்ப நாடுகளுக்குப் போன பல ஹரிகேன்களுக்கு மூக்குக்குக் கீழே தூசி வடிகட்டி ஒன்று தாடை மாதிரி தொங்கும். உங்க கிட்டில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்க.

கட்டர், பிளேடு கத்தி, 400, 600, 1000 நம்பர் தண்ணி உப்புத்தாள், பிளாஸ்டிக் மாடலுக்கான தண்ணி மாதிரி ஓடும் சிமென்ட், ஃபெவிகால், மாஸ்கிங் டேப், இரண்டு நல்ல பிரஷ், அக்ரிலிக் பெயின்ட். ஆரம்பத்துக்கு இது போதும். ஏர்பிரஷ் அவசியம் இல்லை.

கட்டும் வரிசை

முதலில் எதையும் பிய்க்காதீங்க. துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். தேவையானதை மட்டும் கட்டரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போடுங்க. கையால் முறுக்கிப் பிய்த்தால் ஓரத்தில் குழி விழும். பிறகு சோப்புத் தண்ணியில் எல்லாத்தையும் கழுவுங்க. அச்சிலிருந்து எடுக்கப் போடும் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் பசை இல்லாமல் சேர்த்துப் பாருங்க. ஹரிகேன் கிட்களில் இறக்கையின் அடிப்பக்கம், உடம்போடு சேரும் பின் ஓரத்தில் இடைவெளி வருவது சாதாரணம். பசை போட்ட பிறகு அதைக் கண்டுபிடித்தால் சிரமம்.

காக்பிட்டை முதலில் முடிக்கணும். பிரிட்டிஷ் விமானங்களின் உள்பக்கம் சாம்பல் கலந்த பச்சை. சீட் பெல்ட்டை டேப்பில் ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்க. உடம்பின் இரண்டு பாதியையும் மூடிய பிறகு இதில் பாதிதான் தெரியும். அதனால் சீட், பெல்ட், மீட்டர் பலகை மூன்றிலும் கவனம் வைத்தால் போதும்.

பிறகு உடம்பு, அடுத்து இறக்கை. இறக்கை நுனி இரண்டும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்க. ஒரு பக்கம் தூக்கியிருந்தால், வேறு எவ்வளவு அழகாகச் செய்தாலும் கண் அங்கேதான் போகும். சிமென்ட் காயும்வரை நோட்டுப் புத்தகங்களை முட்டுக் கொடுத்து வையுங்க.

இந்த சிமென்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது. ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்யுங்க. ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்ஷன் பக்கம் போனவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கண்ணாடி மூடிக்கு ஃபெவிக்விக் போடவே போடாதீங்க. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாய் மங்கிவிடும். ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெரியாது, மிச்சத்தை ஈரத் துணியால் துடைக்கலாம்.

பீரங்கிக் குழாய்க்கு வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. மெடிக்கல் ஷாப்புக்கா பஞ்சம்? புதுசாக ஒரு 26 ஜி ஊசி வாங்குங்க. அதன் உள்துளை சுமார் 0.26 மி.மீ. 72-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 19 மி.மீ. நம்ம பீரங்கி 20 மி.மீ. துளையோடு சேர்ந்தே கச்சிதமாக வரும். கூர்முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்க. வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க.

முதல் கேள்வி: எந்தப் பொருள்?

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ஹரிகேனின் மூக்கு, எஞ்சின் மூடி, காக்பிட் பக்கங்கள் எல்லாம் உலோகத் தகடு. காக்பிட்டுக்குப் பின்னால் வால் வரைக்கும் துணி. வாலின் பாகங்களும் துணிதான். இறக்கை ஆரம்ப விமானங்களில் துணி, பிறகு உலோகம். மார்க் 2-இல் உலோக இறக்கை. ஆனால் அதன் பின் ஓரத்தில் அசையும் எய்லரான் துணி.

துணியை எப்படி விறைப்பாக்கினார்கள்? டோப் என்ற திரவத்தைப் பூசினார்கள். அது காயும்போது சுருங்கி, துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். தோல் ஷெட்டில் ஈரத் தோலைச் சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்துக் காய வைப்பதைப் பார்த்திருப்பீங்க. விறைப்பு என்ற நோக்கம் ஒன்று. அங்கே கிளிப் இழுக்கிறது, இங்கே டோப் இழுக்கிறது.

இது தெரிந்தால் மூன்று விஷயம் மாறும்.

ஒன்று, உடம்பின் இரண்டு பாதி சேரும் கோட்டை உப்புத்தாள் போடும்போது துணிப் பகுதியில் குறுக்கே தேய்க்காதீங்க. உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் வரிகள் அழிந்துவிடும். வரியின் திசையிலேயே, நீளவாக்கில் தேயுங்க.

இரண்டு, சில பழைய கிட்களில் துணி, தொங்கும் படுதா மாதிரி குழிகுழியாய் இருக்கும். டோப் போட்ட துணி அப்படித் தொங்காது. 1000 நம்பர் தாளில் லேசாகத் தேய்த்து மேட்டைக் குறையுங்க.

மூன்று, வெள்ளிக் கீறல். அது உலோகத்தில் மட்டும்தான். விமானி ஏறி மிதிக்கும் இறக்கையின் அடிப்பகுதி, மெக்கானிக் தினமும் கழற்றி மாட்டும் எஞ்சின் மூடியின் ஓரம், இறக்கையின் முன்விளிம்பு. அங்கே ஸ்பாஞ்சு நுனியில் தொட்டு இரண்டு புள்ளி போதும். துணிப் பகுதியில் அழுக்கும் வெயிலில் வெளுத்த நிறமும்தான் வரும். கரி நிறம் எக்சாஸ்ட் குழாயிலிருந்து பின்னோக்கி, காற்று போகும் திசையில் போகணும்.

பெயின்ட்: நம்ம ஊர் வெயில்

சாம்பல் நிற பிரைமர் அடித்தால் எல்லாக் குறையும் தெரியும். இடைவெளியை மறுபடி நிரப்பி, மறுபடி தேய்க்க இதுதான் கடைசி வாய்ப்பு.

அக்ரிலிக் பெயின்டுக்கு வேலூர் வெயில் எதிரி. ஏப்ரல் மதியத்தில் பிரஷ் மாடலைத் தொடும் முன்னாலேயே பாதி காய்ந்து, கோடு கோடாய் நிற்கும். காலையில் ஆறு, ஏழு மணிக்குள் அடிங்க. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இருந்தால் சில சொட்டு கலங்க. மழை நாளில் மேட் வார்னிஷ் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ஈரக் காற்றில் பால் மாதிரி வெளுத்துவிடும்.

கோட் எப்போதும் மெல்லிசா. மாமாவின் முப்பது வருஷ ஃபினிஷிங் அனுபவம் ஒரே வரி: "முதல் கோட்டைப் பாத்து 'ஐயோ, பத்தலையே'ன்னு தோணணும் மாப்ள. அப்பத்தான் அது சரியான கோட்." மூன்று கோட் வரை போங்க. ஒவ்வொன்றும் முழுசாகக் காயட்டும்.

பர்மா முனை ஹரிகேனுக்கு மேலே கரும்பச்சையும் மண் பழுப்பும், கீழே சாம்பல். டப்பாவில் உள்ள நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன மாடலில் ரொம்ப அடர்த்தியாய்த் தெரியும். தூரத்தில் உள்ள மலை வெளிறித் தெரிகிறதே, அதே காரணம். கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளுக்க வையுங்க.

இரண்டாம் கேள்வி: எந்தத் தேதி?

என் இரண்டாவது தப்பு இது. நான் "இம்பால், 1944" என்று ஸ்டாண்டில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் இறக்கையில் ஒட்டியது நடுவில் சிவப்பு வட்டம் உள்ள பிரிட்டிஷ் சின்னம். கிட்டில் அதுதான் இருந்தது. பார்க்கவும் அழகாய் இருந்தது.

ஜப்பானிய விமானத்தின் சின்னம் என்ன? சிவப்பு வட்டம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் விமானத்தில் சிவப்பு தெரிந்தால், கண் முடிவெடுக்க ஒரு நொடி இருக்குமா? நம்ம ஆளே நம்ம ஆளைச் சுடும் ஆபத்து. அதனால்தான் இந்தியா, பர்மா பகுதியில் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். கடைசியில் அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டும் மிஞ்சின, அளவும் சிறிதானது. இந்திய விமானப்படை விமானங்களும் அதே நீலச் சின்னத்தோடுதான் பறந்தன. காவி, வெள்ளை, பச்சை வட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது.

அதாவது, என் ஸ்டாண்டில் எழுதிய தேதியில் நான் ஒட்டிய சின்னத்தோடு ஒருவர் உண்மையிலேயே பறந்திருந்தால், தன் ஆட்களாலேயே சுடப்பட்டிருக்கலாம். எனக்கு அது ஒரு ஸ்டிக்கர். அவருக்கு அது உயிர். இது புரிந்த பிறகு "சின்ன டீட்டெயில்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கிட்டைத் திறந்ததும் ஒரு ஸ்குவாட்ரன், ஒரு மாதம் தேர்ந்தெடுங்க. 1942 ஏப்ரல் திருகோணமலை என்றால் சிவப்பு இருக்கலாம். 1944 இம்பால் என்றால் கூடாது. அந்தக் காலப் புகைப்படம் ஒன்றாவது தேடிப் பக்கத்தில் வையுங்க. டப்பா மேல் உள்ள ஓவியத்தை நம்பாதீங்க.

சின்னம் ஒட்டும் முறை: முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் டீகாலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளியாய் மினுங்கும். டீகாலைத் தண்ணியில் நனைத்து, தானாக நகரும்வரை பொறுத்து, பிரஷால் தள்ளி வைத்து, பஞ்சு குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒத்துங்க. ஒரு நாள் காயட்டும். அழுக்கு, கரி வேலை எல்லாம் அதன் பிறகு. கடைசியாக மேட் வார்னிஷ்.

இப்போ

இரண்டாவது ஹரிகேனை பிளேஸ்மென்ட் இன்டர்வியூக்களுக்கு நடுவில் செய்தேன். நீலச் சின்னம், துணி வால், வெள்ளிக் கீறல் நாலே இடத்தில். வலது இறக்கை ஒரு மி.மீ. தூக்கியிருக்கிறது, மறைக்கவில்லை. மாமாவிடம் காட்டினேன். டியூப் லைட்டில் பிடித்தார். வால் பக்கம் விரலை ஓட்டினார். "இப்ப துணியா தெரியுது" என்றார். ஒரு இன்டர்வியூவில் "ஏதாவது கையால செஞ்சிருக்கியா?" என்று கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு நான் மனப்பாடம் செய்யாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

முதல் மாடலையும் தூக்கிப் போடவில்லை. சிவப்புச் சின்னத்தோடும் அலுமினிய வாலோடும் ஷெல்ஃபில் பக்கத்திலேயே நிற்கிறது. ஜூனியர்கள் யாராவது ரூமுக்கு வந்தால் இரண்டையும் கையில் கொடுத்து, வித்தியாசம் என்ன என்று கேட்கிறேன். நீங்களும் வாங்க. உப்புத்தாள் மட்டும் கொண்டுவந்தால் போதும், மீதி என்கிட்ட இருக்கு.